ஜோ ஜான்ஸ்டன் ஒரே நாளில் இயக்குநர் ஆகவில்லை

"ஸ்டார் வார்ஸுக்கு விண்கலம் வரைந்தவரை உடனே இயக்குநர் ஆக்கிவிட்டார்கள், எல்லாம் அதிர்ஷ்டம்" என்று ஹாலிவுட் இயக்குநர் ஜோ ஜான்ஸ்டனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

ஸ்டார் வார்ஸ் வந்தது 1977-இல். அவர் இயக்கிய முதல் படம், 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்', 1989-இல். நடுவில் 12 வருடங்கள். ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியுடன் சேர்ந்து ஸ்டார் வார்ஸ் கதாபாத்திரமான போபா ஃபெட்டின் தோற்றத்தை உருவாக்கியது, 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக மற்றவர்களோடு ஆஸ்கர் வாங்கியது எல்லாம் அந்தக் காலத்தில்தான். அப்புறம் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமாவும் படித்தார். ஆஸ்கர் வாங்கிய பிறகு மறுபடி மாணவராகப் போய் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொன்று: அவர் வெறும் விண்கலம் மட்டும் வரையவில்லை. ஸ்டோரிபோர்டும், அதாவது படம் எடுப்பதற்கு முன்பே காட்சிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஓவியங்களும், வரைந்தார். கேமரா எங்கே நிற்கிறது, ஷாட் எங்கே வெட்டப்படுகிறது, அடுத்து கண் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுக்கிற வேலை அது. இயக்குநரின் வேலையில் பாதி அதுதானே? 'ஜுமான்ஜி', 'அக்டோபர் ஸ்கை', 2011-இல் 'கேப்டன் அமெரிக்கா: த ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' என்று பிறகு அவர் எடுத்த படங்களுக்குப் பின்னால் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள்.