நாம் சொல்லாமல் விடும் வரி

"மாத்ரு தேவோ பவ, பித்ரு தேவோ பவ" என்று சிங்கப்பூரில் நம் கோயில் வகுப்புப் பிள்ளைகள் அழகாகச் சொல்வார்கள். ஆண்டு விழா மேடையில் கைகூப்பி நின்று சொல்லும்போது கீழே பெற்றோர் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். அதற்கு இரண்டு வரி தள்ளி என்ன வருகிறது என்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறோம். இளைய தலைமுறைக்கு நம் நெறி ஏன் ஒட்டவில்லை என்று கவலைப்படும் ஒவ்வொருவரும் அந்த வரியை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தைத்திரீய உபநிஷத்தில் சீக்ஷாவல்லி, 11ஆம் அனுவாகம். வேதம் ஓதி முடித்த மாணவனுக்கு ஆசிரியர் சொல்லி அனுப்பும் புத்திமதி அது. "சத்யம் வத, தர்மம் சர" என்று தொடங்குகிறது. 'வத' என்றால் சொல். 'சர' என்றால் நட. உண்மையைச் சொல்ல வேண்டும், தர்மத்தை நடக்க வேண்டும். அப்புறம் தாய், தந்தை, ஆசான், விருந்தாளி. அதையடுத்து வருகிறது: "யான்யஸ்மாகம் ஸுசரிதானி, தானி த்வயோபாஸ்யானி, நோ இதராணி." எங்களிடம் எவை நல்ல நடத்தையோ அவற்றை மட்டும் நீ கைக்கொள், மற்றவை வேண்டாம். கற்றுக் கொடுத்த ஆசிரியரே, "என்னிடமும் சரியில்லாதவை இருக்கும், அவற்றை விட்டுவிடு" என்று மாணவனிடம் சொல்கிறார். இதைப் பிள்ளையிடம் சொல்லத் துணியும் வீட்டில் முன்வரிக்குத் தானாக மரியாதை வரும்.

முன்வரியையும் நாம் கொஞ்சம் வளைத்துத்தான் பயன்படுத்துகிறோம். 'மாத்ருதேவ' என்பது நம் இலக்கணத்தில் சொன்னால் அன்மொழித்தொகை. "தாயைத் தெய்வமாகக் கொண்டவனாக ஆகு" என்று மூன்றாவது ஆள் ஒருவர் பிள்ளைக்குச் சொல்லும் வாக்கியம். பேச்சு முற்றும்போது பெற்றோரே எடுத்து வீசினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

பள்ளி இந்த வேலையைச் செய்யாது. 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாக வந்தபோது இந்து சமயப் படிப்பும் அதில் ஒரு தெரிவாக இருந்தது. 1989இல் அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருப்பதில்லை என்று அரசு முடிவெடுத்தது. பல இனம், பல சமயம் வாழும் ஊரில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆக, மிஞ்சுவது வாரத்தில் ஒன்றரை மணி நேரக் கோயில் வகுப்பும் வீடும்தான். வகுப்பாசிரியர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாரத்தின் மீதி நேரம் முழுக்கப் பிள்ளை பார்ப்பது நம்மை.

வீட்டில் எங்கிருந்து தொடங்குவது? விளக்கிலிருந்து. முதலில் நேரம். "ஆறு மணிக்கு விளக்கேற்று" என்று பாட்டி சொன்னது ஊர்க் கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டித்தான். 1982 ஜனவரி 1 அன்று இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிவைத்தார்கள், அதுவும் ஒரு காரணம். ஆறு மணிக்கு வெயில் காயும், வீட்டில் ஆளும் இருக்காது. இணைப்பாட நடவடிக்கை, டியூஷன் முடிந்து பிள்ளைகள் வீடு சேரும் ஏழு மணிதான் இங்கே உண்மையான சந்தி. ஆறு மணிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, முடியாமல் போய், பிறகு விளக்கையே நிறுத்திவிட்ட வீடுகள் உண்டு. ஏழுக்கு மாற்றுங்கள், பத்து நிமிடம் போதும். ஒருநாள் ஒன்பதாகிவிட்டால் ஒன்பதுக்கு ஏற்றுங்கள்.

விளக்கைப் பிள்ளையின் பொறுப்பாக்குங்கள். வாரம் ஒருமுறை நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துப் பித்தளையைத் தேய்த்துக் கழுவி, துணியில் கவிழ்த்து நன்றாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு எண்ணெய் ஊற்றினால் திரி சடசடவென்று பொரியும், சுடர் நிற்காது. இரண்டு இழை சேர்த்து முறுக்கிய பஞ்சுத்திரி. எண்ணெயில் முழுக்க நனைத்து, கால் அங்குலம் மட்டும் வெளியே இழுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் கரும்புகை வரும், மேல்தட்டு கரியாகும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அரை மணிக்கு மேல் தாங்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், அந்த நேரத்துக்கு விசிறியை நிறுத்துங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால் பூஜை அலமாரியை அதன் நேர்க்கீழே வைக்காதீர்கள். ஒருமுறை அது அலறிவிட்டால் சின்னப் பிள்ளைகள் விளக்கென்றாலே மிரள்வார்கள். ஆறு வயதில் திரி போடலாம், ஒன்பது வயதில் பெரியவர் பக்கத்தில் நிற்கத் தீக்குச்சி கிழிக்கலாம். முடிக்கும்போது வாயால் ஊதக் கூடாது, பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் தள்ள வேண்டும். 'அணை' என்று சொல்லாமல் 'மலையேற்று' என்று சொல்லப் பழக்குங்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வேண்டும்.

அடுத்தது ஓதுதல். இங்கேதான் நிறையக் கெடுகிறது. ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். அதில் குறிலும் நெடிலும் ஒரே எழுத்து. 'பவ' என்பது 'பவா' ஆகிறது, 'சர' என்பது 'சாரா' ஆகிறது. இன்னொரு தவறு, இசைக்கருவியோடு பாடிய பதிவை ஓடவிட்டுக் கூடவே பாடச் சொல்வது. பிள்ளை மெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லை முழுங்கிவிடும். மரபில் இதற்கு நல்ல வழி இருக்கிறது, 'சந்தை' சொல்வது என்பார்கள். ஆசிரியர் ஒருமுறை சொல்வார், மாணவன் இருமுறை திருப்பிச் சொல்வான். தாளே வேண்டாம். நான்கு பாத சுலோகம் என்றால் நாளுக்கு ஒரு பாதம். ஐந்தாம் நாள் முன்னிரண்டையும் சேர்த்து, ஆறாம் நாள் பின்னிரண்டையும் சேர்த்து, ஏழாம் நாள் பிள்ளை தனியாக. நெடில் வரும் இடத்தில் கைதட்டச் சொல்லுங்கள், நீளம் உடம்பில் பதியும். பாதி பாதத்தில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். முடித்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லிக் காட்டினால் போதும்.

வேத மந்திரத்துக்கு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற ஏற்ற இறக்கம் உண்டு. அதை நேரில் ஒருவரிடம்தான் கற்க வேண்டும், யூடியூப் போதாது. வீட்டில் சுலோகமும் தேவாரமும் பாசுரமும் தாராளமாகப் போதும். தமிழ்ப் பதிகத்துக்குப் பொருள் சொல்லப் பெற்றோருக்குக் கூடுதல் வசதியும் உண்டு. பொருளை எந்த மொழியில் சொல்வது என்று கேட்பார்கள். பிள்ளை எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடுதான், 2010இல் அது 3.3. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில்தான் பதில் என்று பிடிவாதம் பிடித்தால் கேள்வியே நின்றுவிடும். ஆனால் 'தர்மம்' என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள், அப்படியே புழங்கவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பூத்தொடுக்கவும் கோலம் போடவும் மட்டும் கூப்பிடுவதை விட்டுவிடலாம். பிருகதாரண்யக உபநிஷத்தில் ஜனகர் சபையில் எழுந்து யாக்ஞவல்கியரை இருமுறை கேள்வி கேட்டவர் கார்கி என்ற பெண்.

கேள்வி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பதில் எட்டு வயதோடு செல்லாக்காசு. பிரச்ன உபநிஷத்தில் ஆறு பேர் பிப்பலாதரிடம் கேள்வியோடு வருகிறார்கள். ஓராண்டு இங்கே தவத்தோடு இருங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், "எங்களுக்குத் தெரிந்தால் எல்லாம் சொல்கிறோம்" என்கிறார். தெரிந்தால்! ஒரு ரிஷி சொல்லக்கூடிய சொல்லை அப்பா சொல்வதில் என்ன குறைச்சல்? குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். பிள்ளை கேள்வியை எழுதட்டும், ஒரு வாரத்துக்குள் பதில் என்று வாக்குக் கொடுங்கள், வாக்கைக் காப்பாற்றுங்கள்.

"படைத்ததை நாமே சாப்பிடுகிறோமே, அப்புறம் எப்படி அது படையல்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கீதை மூன்றாம் அத்தியாயம் 13ஆம் சுலோகத்தில் விடை இருக்கிறது. தனக்கென்று மட்டும் சமைப்பவர் பாவத்தையே உண்கிறார். படைத்து எடுத்த பின் அந்தச் சுண்டல் என்னுடையது என்று ஒருவரும் சொல்ல முடியாது, பங்கிட்டாக வேண்டும். சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தைப் பிள்ளை கையாலேயே அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டார் எது சாப்பிடுவார்கள், எது சாப்பிடமாட்டார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தோழன் கேட்கும் கேள்வி வேறு. "உங்களுக்கு ஏன் இத்தனை சாமி?" பிள்ளை கூச்சப்பட்டு நிற்காமல் இருக்க இரண்டே வாக்கியம் கையில் இருக்கட்டும். உண்மை ஒன்றுதான், அறிந்தவர்கள் அதைப் பல பெயரில் சொல்கிறார்கள். ரிக் வேதம் முதல் மண்டலம், 164ஆம் சூக்தம், 46ஆம் மந்திரம். வீட்டில் ஒருமுறை கேள்வி-பதிலாகச் சொல்லிப் பாருங்கள். அதே மந்திரத்தை நம்புகிறவர் சாப்பாட்டு மேசையில் தோழனின் சமயத்தைக் கேலி பேசக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மதிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சுதான்.

தானத்துக்கும் அந்த 11ஆம் அனுவாகமே படி அளக்கிறது. சிரத்தையோடு கொடு, சிரத்தை இல்லாமல் கொடுக்காதே. வசதிக்கு ஏற்பக் கொடு. அடக்கத்தோடு கொடு, பயத்தோடு கொடு, அறிந்து கொடு. நாம் செய்வதோ, நம் பணப்பையிலிருந்து இரண்டு வெள்ளித் தாளை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து உண்டியலில் போடச் சொல்வது. பிள்ளைக்கு அது கடிதப்பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி. மாறாக, வாரக் கைச்செலவு பத்து வெள்ளி என்றால் ஒரு வெள்ளி ஒரு டப்பாவில் சேரட்டும். மூன்று மாதம் கழித்து எங்கே கொடுப்பது என்பதை அதுவே விசாரித்து முடிவு செய்யட்டும். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள், 'ஹ்ரியா தேயம்', அடக்கத்தோடு கொடு என்பது அதற்குத்தான். கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிக்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. மேசை துடைக்கவும் தரை கூட்டவும் முதலில் அனுப்புங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. நம் வீடுகள் பலவற்றில் பணிப்பெண் இருக்கிறார். மாலையில் 'அதிதி தேவோ பவ' ஓதிய பிள்ளை, சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுவிட்டு அவரைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டால் அன்றைய ஓதல் வீண். 'அக்கா' என்று அழைக்க வேண்டும். தட்டைத் தானே கழுவ வேண்டும். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டும். அப்பாவும் அம்மாவும் அப்படிச் செய்யாத வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிப் பயனில்லை.

பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் மட்டும் அர்ச்சனைச் சீட்டோடு ஓடுவதைக் குறைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் சரிந்தால் பிள்ளை முடிவு கட்டுவது தன்னைப் பற்றியோ, சாமியைப் பற்றியோ, இரண்டும் தப்பு. கீதை 2.47 சொல்வது உழைப்பில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று. தேர்வு முடிவு வருவதற்கு முந்தின இரவில் அதைச் சொல்லிப் பயனில்லை, ஆண்டுத் தொடக்கத்தில் சொல்ல வேண்டும். தைப்பூசமும் அப்படியே. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் தூக்கி நடப்பது ஒரு காலைப்பொழுது. கற்றுக்கொள்வது அதற்கு முன்னான விரத நாள்களில். எத்தனை நாள், எதை விடுவது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்து, சொன்னபடி முடியுங்கள்.

மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போகும்போது விளக்கும் அலமாரியும் கூட வராது. காயத்ரி மந்திரம் 24 அசை, பத்து முறை மனத்துக்குள் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது, முகாம் கட்டிலில் உட்கார்ந்தே சொல்லலாம். உபதேசம் பெறாதவர் இஷ்ட தெய்வத்தின் பெயரைச் சொல்லட்டும். பதினெட்டு வயதில் புதிதாகத் தொடங்குவது கடினம், பன்னிரண்டிலேயே பழக்கமாகியிருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும், தாய் வழியிலும் அப்படியே. ஒரு தாளில் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பெயர், ஊர், குலதெய்வம். பாட்டன் வரை வந்து பேனா நிற்கும், பூட்டி பெயரில் கட்டம் காலியாக இருக்கும். பிள்ளையையே விட்டு ஊரில் இருக்கும் பெரிய அத்தைக்கோ சின்னத் தாத்தாவுக்கோ போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே ஆறரைதான், விழித்திருப்பார்கள்.