மூன்று ஆசனம் என்றால் பாதி வாக்கு என்று அர்த்தமில்லை

"2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தமிழரில் பாதிப் பேர் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தார்கள், ஆறில் மூன்று ஆசனமே சாட்சி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஆசனக் கணக்கு சரி, வாக்குக் கணக்கு தவறு. தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் பெற்றது 80,830 வாக்கு, அதாவது 25 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நாலில் ஒருவர்தான்.

அப்புறம் எப்படி மூன்று? முதலிடம் பிடித்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். ஐந்து சதவீதம் எட்டாத குழுக்களின் வாக்குகள் கழிந்துவிடும். மிச்ச வாக்கை, போனஸ் போக மீதியுள்ள ஐந்து ஆசனத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 48,000 வாக்கு. அந்தக் கணக்கில் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, 63,327 வாக்கு எடுத்த தமிழரசுக் கட்சிக்கும் ஒன்று. மீதி வாக்கு அதிகமுள்ளவர்களுக்கு மற்ற மூன்றும் போயின: தேசிய மக்கள் சக்தி, தமிழ்க் காங்கிரஸ், மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு. 22,513 வாக்கு வாங்கிய ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு யாழில் ஒன்றுமே இல்லை. அதையும் தமிழரசு, காங்கிரஸ் வாக்குகளையும் கூட்டிப் பாருங்கள், 1,13,826 வரும், தேசிய மக்கள் சக்தியின் வாக்கைவிட அதிகம். தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதற்குக் கொடுத்த விலை அது.

தென்னிலங்கைக் கட்சி ஒன்று யாழில் முதலிடம் வந்தது பெரிய மாற்றம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வடக்கு கிழக்கு முழுக்க" இப்படித்தான் என்றும் சேர்த்திருக்கிறீர்களே, கிழக்கில் மட்டக்களப்பில் ஐந்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்றுதான்.