எடுக்கும்போது கேட்காத கையெழுத்து, திருப்பிக் கேட்கும்போது மட்டும் எதற்கு?

என் மனைவியின் கணக்கிலிருந்து பணம் பிடிக்க வங்கிக்கு அவளுடைய கையெழுத்து தேவைப்படவில்லை. ஒரு போன் பண்ணிக் கேட்கவும் இல்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் போய்க் கேட்டால் மட்டும், "கணக்கு வச்சிருக்கறவங்க நேர்ல வரணும் சார்" என்கிறார்கள். வயிறு எரிகிறது. தொகை பெரிதா சிறிதா என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. கேட்க ஆள் இல்லாதவர்களிடம் எடுக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனைவி ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனியே சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. அதில் ஒரு ரூபாய்கூட இருப்பு வைக்கத் தேவையில்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். சில மாதம் சம்பளம் வராமல் போனதும், வங்கி அதைத் தானாகவே சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டது. குறைந்தபட்ச இருப்பு பத்தாயிரம், அதற்குக் கீழே போனால் அபராதம். வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவளிடம் பத்தாயிரம் சும்மா கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது அந்த வங்கி! வருமானம் நின்றுபோன நேரம் பார்த்துத்தான் இந்த நிபந்தனை தலையைக் காட்டுகிறது. கையில் காசு இருப்பவனுக்கு இந்த அபராதம் வரவே வராது. இல்லாதவனுக்கு மட்டுமே வரும். இந்தக் கட்டணத்தின் அடிப்படையே எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சம். அந்தக் கணக்கில்தான் ஆதார் இணைத்திருந்தது. அரசு உதவித் தொகை ஆதார் வழியாக வரும்போது, ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். அப்படித்தான் அவளுடைய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அங்கே போய் விழுந்தது. பாஸ்புக்கைப் பதிவு போட்டு வாங்கிப் பார்த்தேன். ஆயிரம் வரவு. அதே தேதியில், அதற்கு நேர் கீழே 500 பற்று. அதற்குக் கீழே மத்திய ஜிஎஸ்டி 45. அதற்கும் கீழே மாநில ஜிஎஸ்டி 45. மீதி 410. அடுத்த மாதமும் அதே வரிசை, அதே எண்கள். பெண்ணின் கையில் போய்ச் சேர வேண்டும் என்று மாநில அரசு கொடுத்த பணம், அவள் கண்ணில் படும் முன்பே பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 2023 செப்டம்பரில் முதல் மாத உரிமைத் தொகை வந்தபோதே பல பெண்களின் கணக்கில் இப்படிப் பிடித்தார்கள். தமிழ்நாடு அரசே தலையிட்டு, இந்தத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று வங்கிகளைக் கண்டித்தது. செய்தித்தாளில் வந்தது, டிவியில் வந்தது. அதற்கு அப்புறமும் எடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு துணிச்சல்!

கிளைக்குப் போனேன். முதல் பதில்தான் மேலே சொன்னது. சரி என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு மனைவியோடு மறுபடி போனேன். இப்போது கணக்குக்காரி நேரில் வந்தாயிற்று. அந்த அதிகாரி அவளிடம் பேசினாரா? இல்லை. என்னைப் பார்த்தே, "இவங்க மினிமம் பேலன்ஸ் மெயின்டெயின் பண்ணல சார், சிஸ்டம் தானா பிடிச்சிடும்" என்றார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அவள் சம்பாதித்த பணம், அவள் பெயரில் உள்ள கணக்கு, அவளுக்கு வந்த உரிமைத் தொகை. நான் தனியாகப் போனால் அவள் வர வேண்டும், அவள் வந்தால் என்னிடம்தான் பேச வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சிஸ்டம் தானா பிடிச்சிடும்." இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊரில் எத்தனை கவுன்டரில் கேட்டிருப்போம்! சிஸ்டத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வங்கிதானே? ரிசர்வ் வங்கி இதற்கென்று தெளிவாக விதி போட்டிருக்கிறது. 2014 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது, 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம் போடலாம். அபராதமும் எவ்வளவு தொகை குறைகிறதோ அதில் இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

அந்தக் கடைசி விதியைத்தான் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பாருங்கள். கணக்கில் பணம் இல்லை, மைனஸும் காட்டக் கூடாது. அதனால் பாக்கியை 'லீன்' என்று ஓரமாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். என்றைக்காவது பணம் வந்தால் அன்றைக்கே வழித்து எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்புக்கில் பூஜ்யம்தான் தெரியும், பின்னால் கடன் ஏறிக்கொண்டே இருக்கும். ஏழையின் கணக்கு கடனில் மூழ்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது. அதன் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நோக்கத்தைக் கொன்றுவிட்டார்கள்.

"நோட்டீஸ் அனுப்பினீங்களா?" என்று கேட்டேன். அனுப்பியிருப்போம் என்றார்கள். எந்தத் தேதி, எந்த நம்பருக்கு, நகல் கொடுங்கள் என்றேன். அதற்குப் பதிலே இல்லை. மனைவியின் போன் நம்பர் இத்தனை வருடமாக மாறவே இல்லை. அதே நம்பருக்குத் தனிநபர் கடன் வேண்டுமா, நகைக் கடன் வேண்டுமா என்று அந்த வங்கியிலிருந்து ஓயாமல் மெசேஜ் வருகிறது. இந்த நோட்டீஸ் மட்டும் வரவில்லை. கடைசியில் மேனேஜர், "பாதியைத் திருப்பிப் போடச் சொல்றேன், இதோட விட்டுடுங்க" என்றார். இந்தத் தடவை மனைவியே பதில் சொன்னாள்: "தப்பா எடுத்தது முழுசும்தான் சார் வேணும்." எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது.

அப்புறம்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். கணவனோ மனைவியோ, பெற்றோருக்காகப் பிள்ளைகளோ, ஒருவருக்காக இன்னொருவர் போய் நிற்பவர்கள் எல்லோரும் இதைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில், கணக்கு வைத்திருப்பவர் தனக்குப் பதிலாக ஒரு பிரதிநிதியை எழுத்து மூலம் நியமிக்கலாம். ஆனால் அந்தப் பிரதிநிதி வக்கீலாக இருக்கக் கூடாது. ஒரு வெள்ளைத் தாளில், என் சார்பாக இந்தப் புகாரை என் கணவர் நடத்துவார் என்று எழுதி மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்துக் கையோடு ஒப்புகை வாங்கிவிட வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் போடலாம். ஒரு பைசா கட்டணம் கிடையாது. வாய் வார்த்தையாகப் பேசிக்கொண்டே இருந்தால் அந்த முப்பது நாள் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அதனால்தான் கவுன்டரில் புகாரைத் தாளில் வாங்க அவ்வளவு தயங்குகிறார்கள்.

புகார்க் கடிதத்தில் சுற்றறிக்கையின் மாதம், வருடத்தோடு எழுதி, நோட்டீஸின் நகல் வேண்டும் என்று கேட்டோம். அதுவரை "சிஸ்டம்" செய்தது என்று சொன்னவர்கள் அந்த 500-களைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை. ஜிஎஸ்டி மட்டும் வரவில்லை. கேட்டால், அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். பிடித்ததே தவறு என்று ஒத்துக்கொண்டுதானே பணத்தைத் திருப்பினீர்கள்? தவறாகப் பிடித்த கட்டணத்துக்குப் போட்ட வரி மட்டும் எப்படிச் சரியாகும்? நீங்கள் யாரிடம் கட்டினீர்களோ அவர்களிடம் நீங்கள் கேட்டு வாங்குங்கள். என் மனைவி ஏன் இழக்க வேண்டும்?

இதை எழுதும்போதே இன்னொரு எண்ணிக்கை மண்டையைக் குடைகிறது. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை வங்கிகள் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சகமே சொன்ன கணக்கு இது. தனியார் வங்கிகள் இதில் சேர்த்தி இல்லை. இத்தனைக்கும் பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தைக் கைவிட்டுவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனில் நிறுத்தியது, இன்னும் சில பொதுத்துறை வங்கிகளும் பின்னாலேயே நிறுத்தின. அவர்களால் முடிகிறதே! நாட்டின் மிகப் பெரிய வங்கியே இந்தக் காசு இல்லாமல் நடக்கும்போது மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? அந்த 8,500 கோடியில் எத்தனை முதியோர் பென்ஷன், எத்தனை நூறு நாள் வேலைச் சம்பளம், எத்தனை பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் இருக்கும்? அவர்களில் எத்தனை பேருக்கு பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்துச் சண்டை போட வீட்டில் ஆள் இருந்திருக்கும்?

இன்னொரு விஷயம். இருப்பே தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கை எல்லா வங்கியும் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. ஏடிஎம் கார்டும் இலவசம். ஆனால் எந்தக் கவுன்டரிலாவது அவர்களாக இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மனைவியின் கணக்கை அப்படி மாற்றித் தரச் சொன்னபோது, "அந்த மாதிரி அக்கவுன்ட் எங்க பிராஞ்ச்ல இல்ல" என்றே முதலில் சொன்னார்கள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று மனைவி கேட்டதும் உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தார்கள். இந்த மாத உரிமைத் தொகை முழுசாக ஆயிரமும் நின்றது. ஜிஎஸ்டி இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு புகார் எழுதியாயிற்று, கீழே அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.