41 நிமிடம் உட்கார முடியாதா?

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: நம் பெங்களூர்த் தமிழ்க் குழுவில் வெள்ளிக்கிழமை இரவு ஓர் அண்ணன், நம் ஊர் காக்ஸ் டவுன் பகுதிப் பையன் ஒருவனின் புது ஆல்பத்தை முழுதாகக் கேட்காமலே கிழித்துப் போட்டார். அண்ணன் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயதில் மூத்தவர், என் வீட்டு விசேஷங்களுக்கு வந்து போகிறவர்.

அந்தப் பையனின் ஆல்பம் 41 நிமிடம் ஓடும். அது வெளியான பத்தாவது நிமிடத்தில் அண்ணனின் தீர்ப்பு வந்துவிட்டது: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் இசையும் இல்லையாம், சோல் இசையும் இல்லையாம், தமிழிசையும் இல்லையாம், எதிலும் சேராத சத்தமாம். 9 பாடல்களைப் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்கும் வித்தையை எங்களுக்கும் கற்றுக்கொடுத்தால் அவருக்குப் புண்ணியமாகப் போகும்.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எனக்கும் எல்லாம் பிடித்துவிடவில்லை. மூன்றாவது பாட்டு சரியான இழுவை. கடைசிப் பாட்டில் டிரம்பெட் அவன் குரலை விழுங்கிவிடுகிறது. ஆனால் இதை நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஐந்தாவது பாட்டு வரைக்குமாவது அண்ணன் பொறுத்திருக்கலாம். அதில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் நான்கு நான்காகப் போகின்றன. அதன் மேல் தவில் கண்ட நடையில், ஐந்து ஐந்தாக. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அலைந்து, கடைசியில் முதல் அடியில் ஒன்றாக வந்து விழுகின்றன. 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரையும் அந்த முதல் அடியில்தான் அழுத்தி வாசிக்கச் சொன்னார். ஃபங்க் அங்கிருந்து கிளம்பியது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கணக்கெல்லாம் சுற்றிவிட்டுத் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து சேரும்போது நம் சபாக்களில் தொடையைத் தட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாதா என்ன? தெரியும். கேட்டால் தெரியும்.

சோல் இசை மட்டும் எப்படி வந்தது? 1950களில் ரே சார்ல்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் தேவாலயப் பாட்டின் மெட்டையும் ஆவேசத்தையும் எடுத்துக் காதல் பாட்டில் வைத்தார். பக்தியைக் கெடுத்துவிட்டான் என்று அன்றைக்கும் திட்டினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக் கர்நாடக இசையில் சேர்த்தார். அண்ணன் வீட்டுக் கொலுவில் குழந்தைகள் அந்த நோட்டுஸ்வரங்களைப் பாட, அவரே தாளம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது பாரம்பரியம். காக்ஸ் டவுன் பையன் செய்தால் சத்தம்.

உடனே, "அவன் உங்களுக்கு வேண்டியவன், அதனால்தான்" என்பீர்கள். ஆமாம், வேண்டியவன்தான். அவன் அம்மாவும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தோம். எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியத் தாத்தா ஞாயிறு மதியம் ஆங்கில ரெக்கார்டு போடுவார். அடுத்த வீட்டு ரேடியோவில் கன்னட நடிகர் ராஜ்குமார் பாடுவார். செப்டம்பர் வந்தால் சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்கு அவன் அம்மா தமிழ்ப் பாட்டுக் குழுவில் ஒத்திகைக்குப் போவாள், நான் துணைக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். பின்னாளில் இவனும் அதே குழுவில் பாடிப் பழகியவன். கோவில் பாட்டிலிருந்து சோலுக்கு வந்தவர்கள் வரிசையில் இவன் ஒன்றும் முதல் ஆள் இல்லை.

"அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, இவனுக்கு என்ன உரிமை?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் ஒரு வாசிப்பை, 1970இல் வந்த இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்து எத்தனையோ ஹிப்ஹாப் பாடல்களில் ஒட்டினார்கள். அவருக்கு அதற்கான உரிமைத் தொகை, அதாவது ராயல்டி, ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இசையைத் தொடும்போது கை கொஞ்சம் கூசத்தான் வேண்டும். இவன் யாருடைய பதிவையும் வெட்டி ஒட்டவில்லை, ஆட்களை வாசிக்க வைத்து, கையிலிருந்து சம்பளம் கொடுத்திருக்கிறான். இது முழுப் பதிலாகாது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் தம்பி, இன்னும் கேட்கவில்லை என்று அதே பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

எதிலும் சேராத சத்தம். அந்த வரியைத்தான் விழுங்க முடியவில்லை. சென்னையில் கல்யாணத்துக்குப் போனால், "பெங்களூர்க்காரி பேசுவதைக் கேளுங்கள்" என்று என்னைப் பேசவிட்டுச் சிரிப்பார்கள். இங்கே, என் பாட்டிக்கு அம்மாவும் பிறந்த ஊரில், ஆட்டோக்காரர் முதல் ஆபீசர் வரை, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்கிறார்கள். எங்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இரண்டு ஊருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ், நடுவே கன்னடம் வந்து விழுகிற தமிழ், ஓர் ஆல்பத்தில் ஒலித்து நான் கேட்டது இதுதான் முதல் முறை. அண்ணனும் அந்தத் தமிழ்தான் பேசுகிறார், குழுவில் எழுதும்போது மட்டும் மேடைத் தமிழ். அவரிடமிருந்து இது வந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இசை விமர்சனமாம், விமர்சனம்!

கீழே சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஏழாவது பாட்டின் நடுவே ஒரு கிழவியின் குரல் வருகிறது. அவள் யாரைத் திட்டுகிறாள் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அது இல்லாத பின்னூட்டங்களை நீக்கிவிடுவேன், அண்ணனுடையது உட்பட.