சாவித்திரி முகத்தை ஏன்யா இழுக்கிறீங்க?

ஞாயிறு மத்தியானம் டிவியைப் போட்டால் 'பாசமலர்'. 1961 படம். அகலத் திரையை நிரப்பணுமாம், பக்கவாட்டில் இழுத்து விட்டிருக்கிறார்கள். சாவித்திரி முகம் பூசணிக்காய்! உதடு துடிக்கிறது, கண்ணில் நீர் கட்டி நிற்கிறது, விழவில்லை. சரியாக அந்த நொடியில் கீழே எகிறி வருகிறது மூட்டுவலித் தைலம். அந்தக் கண்ணைவிட உங்க தைலம் முக்கியமா?

போன வாரம் 'தில்லானா மோகனாம்பாள்'. 'நலந்தானா' பாட்டில் பத்மினி ஆடிக்கொண்டே கண்ணாலேயே நாதஸ்வரக்காரர் சிக்கலாரின் காயத்தை விசாரிக்கிறார். வெட்டு! சமையல் எண்ணெய். எதுக்கு, சிக்கலார் காயத்தில் தடவவா?

இதில் 'பாசமலர்' பார்த்த பையன் வேறு, "என்னப்பா, படத்தில் கலரே இல்ல?"

கலர்தானே? இருடா, விளம்பரம் வரும்.