டிகிரி இல்லாத ஒயர்மேன் பிஎல்சி பக்கம் போகலாமா?

கெடாவில் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துப் பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, எஸ்.பி.எம். முடிச்சு ஒயரிங் வேலைதான் தெரியும், பிஎல்சி புரோகிராமிங் பண்ண முடியுமா?" (பிஎல்சி என்பது ஆலை மெஷின்களைப் புரோகிராம்படி இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்.) முடியும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அதற்காக இருக்கிற வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூருக்குப் போய் ஏதோ ஒரு கோர்ஸில் உட்காராதீர்கள். நீங்கள் தினமும் திறந்து மூடும் பேனலுக்குள்ளேயே வழி இருக்கிறது.

பிஎல்சி என்ற சாமானே எலக்ட்ரீஷியனை மனதில் வைத்துச் செய்ததுதான். 1968-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவுக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்கள் நிறைந்த பெரிய பெரிய பேனல்களைப் பிரித்து மறுபடி ஒயரிங் போட வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக டிக் மோர்லியின் குழு செய்துகொடுத்ததுதான் மோடிகான் 084 என்ற பிஎல்சி. புரோகிராமை ஏணிப் படிகள் மாதிரி வரையும் லேடர் வடிவத்தில் வைத்தார்கள், ஏனென்றால் ஆலை எலக்ட்ரீஷியன்கள் ரிலே சர்க்யூட்டை ஏற்கெனவே அப்படித்தான் வரைந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே படத்தைப் பார்த்து மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கட்டத் தெரிந்த ஒருவருக்கு லேடரில் பாதி கிணறு தாண்டிய மாதிரிதான். மீதிப் பாதியில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாப் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக அதை என்சியில்தான் (அமுக்காதபோது மின்சாரம் போகும் வகை) கட்டுவோம். பிஎல்சிக்கு வந்தாலும் ஒயரிங் அதேதான், அதை மாற்றவே கூடாது. ஆனால் லேடரில் அந்த இன்புட்டை என்சி கான்டாக்ட்டாக வரைந்தால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. அதற்கு நேரெதிரான என்ஓ கான்டாக்ட்டாகத்தான் வரைய வேண்டும். பட்டனை அமுக்காதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது, அதனால் அந்த இன்புட்டின் ஆன்/ஆஃப் நிலையைக் காட்டும் பிட் ஏற்கெனவே ஆன். பிஎல்சி பார்ப்பது பிட்டை, பட்டனின் வகையை அல்ல. பல வருஷம் பேனல் கட்டியவர்கள்கூட முதலில் இங்கேதான் முழிப்பார்கள். அப்புறம் ஸ்கேன், அதாவது பிஎல்சி புரோகிராமைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் விதம். ரிலே பேனலில் எல்லா ரிலேயும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். பிஎல்சி அப்படி இல்லை, இன்புட்டைப் படிக்கும், மேலிருந்து கீழாகக் கணக்குப் போடும், கடைசியில் அவுட்புட்டை எழுதும், மறுபடி முதலிலிருந்து. ஒரே காயிலை (லேடரில் அவுட்புட்டைக் குறிப்பது) இரண்டு இடத்தில் எழுதினால் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும், மேலே எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மிச்சம் பழக்கத்தில் வந்துவிடும். டிகிரி படித்தவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதற்கு மட்டும் நீங்கள் ஒரு மதிப்பும் கொடுப்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

நான் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்தது ஒரு செம்பனை ஆலையில். குலையை அவிக்கிற ஸ்டெரிலைசரில் நீராவி அழுத்தம் சுமார் 3 பாருக்கு ஏறும், ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஆனால் ஒரேயடியாக ஏற்றிவிட மாட்டார்கள். ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கி, மூன்றாவது தடவைதான் பிடித்து வைப்பார்கள். ஏன் மூன்று தடவை? குலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்று வெளியே போகாவிட்டால் சூடு உள்ளே இறங்காது, பழம் காம்பிலிருந்து கழலாது, பழத்தைக் குலையிலிருந்து உதிர்க்கும் திரெஷரில் பாதிக் குலை அப்படியே வந்து விழும். நீராவி வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, அடியில் தேங்கும் தண்ணீரை விடும் வால்வு, இந்த மூன்றையும் எந்த நேரத்தில் திறந்து மூடுவது என்பதுதான் முழுப் புரோகிராமும். இதையெல்லாம் பழைய ஆப்பரேட்டர்கள் கையால் திருப்பிச் செய்த காலத்தில் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டம் நடக்கிறது என்று சொல்வார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று டைமர் ரிலே மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு அந்த லேடரை எழுத யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து லேப்டாப்போடு வருகிற பட்டதாரிக்கு முதலில் அந்த ஆலையையே விளக்க வேண்டியிருக்கும். (ஸ்டெரிலைசர் கதவைத் திறக்கவிடாமல் தடுக்கும் இன்டர்லாக்கை மட்டும் புரோகிராமை நம்பி விட்டுவிடாதீர்கள். உள்ளே பிரஷர் இருக்கும்போது கதவு திறந்தால் ஆள் உயிரோடு இருக்க மாட்டார். அதற்குத் தனியாக மெக்கானிக்கல் பூட்டு இருந்தே ஆக வேண்டும்.)

கணக்கு வராது என்று சிலர் பின்வாங்குகிறார்கள். எவ்வளவு கணக்கு என்று பாருங்கள். 0 முதல் 6 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் அந்த அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகிறது. 3 பார் என்றால் நடுவில், 12 மில்லி ஆம்பியர். சீமென்ஸ் எஸ்7-1200 என்ற பிஎல்சியில் அந்த 4 முதல் 20 வரை 0 முதல் 27648 என்ற எண்ணாக வருகிறது, ஆக 3 பாருக்கு 13824. இது நாம் இடைநிலைப்பள்ளியில் போட்ட நேர்கோட்டுக் கணக்கு, அதற்கு மேல் எதுவும் இல்லை. ஏன் 0-வில் தொடங்காமல் 4-இல் தொடங்குகிறது? கேபிள் அறுந்தால் 0 வரும், அறுந்தது உடனே தெரியும். இந்தக் காரணம் ஒயர்மேனுக்குச் சொல்லாமலே புரியும்.

கற்றுக்கொள்ளப் பெரிய செலவும் இல்லை. கோடெசிஸ் என்ற புரோகிராமிங் சாஃப்ட்வேர் இலவசம், பிஎல்சி இல்லாமலேயே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். பழைய மிட்சுபிஷி எஃப்எக்ஸோ டெல்டாவோ, ஏதாவது ஒரு பிஎல்சி செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். எங்கள் தாமானில் ஒரு வீட்டில் நகையை அடகு வைத்துப் பையனை ஒரு குறுகிய காலக் கோர்ஸுக்கு அனுப்பினார்கள், பெயர் வேண்டாம், "இண்டஸ்ட்ரி 4.0" என்று தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது. பிஎன்பி சென்சாருக்கும் என்பிஎன் சென்சாருக்கும் ஒயரிங்கில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன், தம்பிக்குத் தெரியவில்லை. அவன் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் அரசாங்கத்திடமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஜேபிகே (திறன் மேம்பாட்டுத் துறை) தருகிற எஸ்கேஎம் என்ற திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் டிகேஎம் (டிப்ளோமா), டிஎல்கேஎம் (உயர் டிப்ளோமா). வகுப்புக்கே போகாமல் செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி மதிப்பீடு வாங்கும் பிபிடி முறையும் உண்டு. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. அதனால் இன்றிலிருந்தே செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் படம், டிராயிங், ஜாப் ஷீட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எரிசக்தி ஆணையத்தின் ஒயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழ் இருந்தால் அதையும் எந்தக் காரணத்துக்காகவும் கைவிடாதீர்கள், புரோகிராமிங் வேலை வற்றிப்போன மாதத்திலும் அது சோறு போடும்.

டிகிரி இல்லாதது எங்குமே இடிக்காது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. பெயருக்கு முன்னால் பொறியாளருக்கான "இர்" போட முடியாது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளில் விண்ணப்பம் எச்ஆர் மேசையிலேயே நின்றுவிடும். 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்த பிறகு நம் ஊரிலிருந்து எத்தனை ஃபேக்டரி பஸ் போகிறது, அதில் எத்தனை பேர் ஆப்பரேட்டராகவே ஏறி ஆப்பரேட்டராகவே இறங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்கு மெஷின் கட்டிக்கொடுக்கிற சின்னச் சின்ன சிஸ்டம் இன்டகிரேட்டர்கள் இங்கேயும் பினாங்கிலும் இருக்கிறார்கள். பேனலும் கட்டி, புரோகிராமும் எழுதி, ராத்திரி சைட்டில் நின்று மெஷினை ஓட்டிச் சரிபார்க்கிற கமிஷனிங்கும் முடித்துத் தருகிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். நானும் அப்படி ஓரிடத்தில்தான் இருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். ஆலையில் நீங்கள் புரோகிராம் திருத்துவதை பாஸ் கவனிப்பார், தோளில் தட்டுவார், அடுத்த வாரமும் கூப்பிடுவார், சம்பளம் மட்டும் டெக்னீஷியன் சம்பளமாகவே இருக்கும். இதைத் தமிழ் ஆட்கள் நாம் வாய் திறந்து கேட்பதில்லை, "தெரிஞ்சா அவரே போடுவார்" என்று இருந்துவிடுகிறோம். போட மாட்டார். பதவிப் பெயரையும் சம்பளத்தையும் எழுத்தில் கேளுங்கள், ஒரு வருஷம் பாருங்கள், இல்லையென்றால் அந்த அனுபவத்தோடு கூலிம் பக்கம் வந்துவிடுங்கள்.

என் வீட்டில் ஒரு பழைய எஃப்எக்ஸ் சும்மா கிடக்கிறது. தொட்டுப் பார்க்க ஆசை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வரலாம். 24 வோல்ட் சப்ளை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள், என்னுடையதை ஒரு தம்பி வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை.