சார்லி துமஹாய்: பேஸ் கிட்டாரோடு ஊர் திரும்பியவர்

ராக் இசையின் வரலாறு பெரும்பாலும் பாடகர்களையும் முன்னணிக் கிட்டார் கலைஞர்களையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்தவர்கள் அந்த எழுத்தில் ஒரு பெயராகவும், எந்த ஆண்டு குழுவில் சேர்ந்தார்கள், எந்த ஆண்டு விலகினார்கள் என்ற குறிப்பாகவும் சுருங்கிவிடுகிறார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒருவரான இசைக்கலைஞர் சார்லி துமஹாய்க்கு நேர்ந்ததும் இதுவே. 1970களின் பிரிட்டிஷ் ராக் இசையில் ஈடுபாடு உள்ளவர்கள் அவரைப் பீ-பாப் டீலக்ஸ் குழுவின் பேஸ் கலைஞராக அறிவார்கள். 1978இல் அந்தக் குழு கலைந்ததோடு அவருடைய கதையையும் முடித்துக்கொள்வார்கள். பிறகு ஊர் திரும்பி, ஜமைக்காவில் பிறந்த ரெக்கே இசைக்கான குழு ஒன்றில் வாசித்தார் என்பது, ஒளி மங்கிய ஒரு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் தொனியில், கடைசி வரியாக வந்து நிற்கும். அந்தக் கடைசி வரியிலிருந்துதான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

துமஹாய் 1949இல் ஆக்லாந்தில் பிறந்தவர். அந்நகரின் ஒராக்கே பகுதி தங்கள் பூர்வீக நிலம் என்று உரிமை கோரும் ஙாட்டி ஃபாட்டுவா மக்களைச் சேர்ந்தவர். ஒரு காலத்தில் ஆக்லாந்து நிலப்பரப்பின் பெரும்பகுதியை ஆண்டுவந்த அம்மக்களிடம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எஞ்சியிருந்தது ஒகாஹு விரிகுடாக் கரையில் ஒரு சிறு கிராமம் மட்டுமே. அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, 1950களின் தொடக்கத்தில், அரசு அந்தக் கிராமத்தையும் காலி செய்ய வைத்தது; மக்களை மேட்டுப் பகுதியிலிருந்த அரசு வாடகை வீடுகளில் குடியேற்றிவிட்டு, பழைய வீடுகளை எரித்தது. அவருடைய இசை வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1978ஆம் ஆண்டுக்கு வரும்போது இது தேவைப்படும்.

அவர் வளர்ந்த 1950களிலும் 60களிலும் மாவோரி மக்கள் கிராமப்புறங்களைவிட்டுப் பெருந்திரளாக நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். மாவோரி ஹை ஃபைவ், மாவோரி வோல்கேனிக்ஸ் போன்ற ஷோபேண்டுகள், பாட்டு, நடனம், நகைச்சுவை, பலகுரல் எல்லாம் கலந்த நிகழ்ச்சிகளோடு கடல் கடந்து சென்று கேளிக்கை விடுதிகளில் மேடையேறின. இந்தக் குழுக்களின் புகழிலிருந்து ஒரு வாய்ப்பாடும் பிறந்தது: மாவோரிகளுக்கு இசை இரத்தத்திலேயே ஊறியது. புகழ்ச்சியாகத் தோன்றும் இந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். இரவு விடுதியில் தினமும் ஐந்து மணி நேரம் வாசித்துவிட்டு, மறுநாள் பகலில் புதிய பாடல் ஒன்றின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பிரித்துப் பாடம் செய்யும் மனிதரின் உழைப்பை, 'இரத்தம்' என்ற ஒரே சொல் அவர் கையிலிருந்து பறித்துக்கொள்கிறது. லண்டன் குழு ஒன்றின் கலைஞரைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவர் பயின்றார், தேர்ந்தார் என்றே எழுதுகிறார்கள்.

துமஹாய் பயின்றதும் தேர்ந்ததும் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில். மெல்பர்னைச் சேர்ந்த ஹீலிங் ஃபோர்ஸ் குழுவில் அவர் பேஸ் வாசித்தபடியே பாடவும் செய்தார். 1971இல் வெளிவந்த 'கோல்டன் மைல்ஸ்' என்ற பாடலை அக்காலத்து ஆஸ்திரேலிய இசையை நேசிப்பவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவது, கிட்டாரை மீட்டிக்கொண்டே பாடுவதைப் போல எளிதன்று. கிட்டாரின் மீட்டல் பெரும்பாலும் பாட்டின் தாளத்தோடு ஒத்துப்போகும். பேஸோ பாட்டுக்கு எதிர்த்தாளத்தில், வேறு சுரங்களில், வேறொரு மெட்டாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் செய்யும்போது, தன் குரலைத் தானே எதிர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. முன்னணிப் பாடகராகவே காலம் தள்ளக்கூடிய குரல் அவருக்கு இருந்தது. ஆனாலும் பிற்காலக் குழுக்களில் அவர் பேஸையும் பக்கக் குரலையும் தன் இடமாக வைத்துக்கொண்டார் என்பதை, அந்தக் கருவியின் மீது அவருக்கிருந்த பற்றுக்குச் சான்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1974இல் மிஸிஸிப்பி என்ற ஆஸ்திரேலியக் குழுவோடு அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே அந்தக் குழு உடைந்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் மெல்பர்ன் திரும்பி லிட்டில் ரிவர் பேண்டைத் தொடங்கி அமெரிக்கா வரை புகழ் பெற்றார்கள். துமஹாய் லண்டனிலேயே தங்கிவிட்டார். யார்க்‌ஷரைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் பில் நெல்சன் தன் பீ-பாப் டீலக்ஸ் குழுவைப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நெல்சன், டிரம்ஸில் சைமன் ஃபாக்ஸ், பேஸில் துமஹாய் என்ற மூவர் அணி, 1975இல் 'ஃபியூச்சுரமா' இசைத்தொகுப்பை வெளியிட்டது.

இந்த இடத்தில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை அறிமுகப்படுத்தும் வரை, மேற்கத்திய நடன இசையில் கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸே வாசித்துவந்தது. மின் பேஸில் வழக்கமாக நான்கு தந்திகள். கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே அவற்றின் சுருதி அமைகிறது. எல்லாவற்றிலும் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கிட்டார் ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டத்தை, தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, பேஸ் தன் சுரத்தை மட்டும் மாற்றினால், அந்தக் கார்டின் தன்மையே மாறிவிடுகிறது. கேட்பவருக்கு மாற்றியது யார் என்று தெரியாது, பாட்டு திடீரென்று கனத்துவிட்டதாகவோ விடுபட்டதாகவோ மட்டும் தோன்றும். மூவர் அணியில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். நெல்சன் போன்ற ஒருவர் தனி வாசிப்பில் இறங்கியதும் கார்டு பிடிக்க மேடையில் வேறு ஆள் கிடையாது. பாட்டு எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதைக் கேட்பவருக்கு உணர்த்த வேண்டியவர் பேஸ் கலைஞர் ஒருவரே. 'ஃபியூச்சுரமா'வில் நெல்சனின் விரல்கள் பறந்துகொண்டிருக்கும் இடங்களில் கீழே என்ன நடக்கிறது என்று கவனித்துக் கேட்டால், துமஹாய் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டு காத்திருப்பவராகத் தெரியவில்லை. கிட்டாருக்குப் பதில் சொல்கிறார், அது ஓய்ந்த இடைவெளியில் நுழைகிறார், டிரம்ஸ் திரும்பும்போது கூடவே திரும்புகிறார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஷிப்ஸ் இன் த நைட்' பிரிட்டனின் தரவரிசையில் 23ஆம் இடம் வரை சென்றது. அந்தக் குழுவுக்கு வாய்த்த பெரிய வெற்றி அதுவே. நான் அந்தப் பாடலை முக்கியமாகக் கருதுவது வேறு காரணத்துக்காக: அதன் நடையில் ரெக்கேயின் சாயல் இருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து அவர் வாசிக்கப்போகும் இசையின் சாயல் அது என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

1978க்கு வருகிறேன். பீ-பாப் டீலக்ஸ் கலைந்த ஆண்டு அது. அதே ஆண்டு மே 25 அன்று, ஒராக்கேயின் பாஸ்டியன் பாயின்ட் மேட்டில், ஜோ ஹாக் தலைமையில் ஙாட்டி ஃபாட்டுவா மக்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் 506 நாட்களாக நடத்திவந்த நில மீட்பு முகாமைக் காவல்துறையும் ராணுவமும் அகற்றின. 222 பேர் கைது செய்யப்பட்டார்கள். எஞ்சியிருந்த அந்த நிலத்தில் விலையுயர்ந்த வீடுகள் கட்ட அரசு திட்டமிட்டிருந்ததே போராட்டத்துக்குக் காரணம். மறு ஆண்டு ஏப்ரலில் ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லி ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் அரங்கில் பாடினார். மாவோரி, பசிபிக் தீவு இளைஞர்கள் பலரை ரெக்கே பக்கம் திருப்பிய நிகழ்ச்சி அது. 1979இலேயே ஆக்லாந்தில் ஹெர்ப்ஸ் குழு உருவானது. அக்குழு 1981இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் அட்டையில் இருப்பது பாஸ்டியன் பாயின்ட் மேட்டைக் காவலர்கள் சூழ்ந்து நிற்கும் புகைப்படம். பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து 1982இல் அவர்கள் பாடிய 'ஃபிரெஞ்ச் லெட்டர்' நாடெங்கும் ஒலித்தது.

அந்த ஆண்டுகளில் துமஹாய் லண்டனில்தான் இருந்தார். கிட்டார் கலைஞர் ஜிம்மி மெக்கல்லக்கோடு த டியூக்ஸ் என்ற குழுவில் வாசித்தார். 1979இல் மெக்கல்லக் இளவயதிலேயே இறந்துபோனார். பிறகு தந்தூரி கேசட் என்ற குழு. பெயர் நமக்குச் சிரிப்பை வரவழைத்தாலும் அதில் இருந்தவர்கள் எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். இவை எதுவும் நிலைக்கவில்லை. 1980களின் நடுவில் அவர் நியூசிலாந்து திரும்பி ஹெர்ப்ஸில் சேர்ந்தார்.

இதை இறக்கம் என்று சொல்பவர்களுக்கு ரெக்கேயில் பேஸ் எங்கே நிற்கிறது என்பது தெரியவில்லை என்றே நினைக்கிறேன். ராக் இசையில் கிட்டார் முன்னே நிற்கும், பேஸ் அதைத் தாங்கும். ரெக்கேயில் கிட்டார் எதிர்த்தட்டில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பல பாடல்களில் டிரம்ஸ் முதல் தட்டையே காலியாக விட்டுவிட்டு மூன்றாம் தட்டில்தான் விழுகிறது. மெட்டைச் சுமந்து நடப்பது பேஸ். மார்லியின் குழுவில் ஆஸ்டன் பேரட் வாசித்த பேஸ் வரிகளைத் தனியாக முணுமுணுத்தாலே அந்தப் பாடல்கள் அடையாளம் தெரிந்துவிடும். வாசிப்பதைப் போலவே வாசிக்காமல் விடுவதும் இங்கே தேர்ச்சி. 'ஃபியூச்சுரமா' காலத்தில் இடைவெளிகளை நிரப்பக் கற்றவர், ஹெர்ப்ஸில் அவற்றை நிரப்பாமல் விடப் பழகிக்கொண்டார். கைவேகம் இருப்பவருக்கு இது கடினமான பயிற்சி. 1987இல் வெளிவந்த 'சென்சிடிவ் டு எ ஸ்மைல்' பாடலை அவரும் குழுவின் தில்வொர்த் கரக்காவும் சேர்ந்து எழுதினார்கள். கிழக்குக் கரையில், ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி சமயத்தைப் பின்பற்றும் மாவோரிகள் வாழும் ருவாட்டோரியாவில் அதன் காணொளியை எடுத்தவர், பின்னாளில் ஹாலிவுட் வரை சென்ற இயக்குநர் லீ தமஹோரி. லண்டன் ஆண்டுகளில் பெரும்பாலும் நெல்சனின் பாடல்களுக்கு வாசித்தவர் இங்கே தானே எழுதுகிறார், தன் மக்களுக்காக எழுதுகிறார், அதே நான்கு தந்திகளோடு.

மாவோரிகளின் மன்றக்கூடத்தில் ஒருவர் எழுந்து உரையாற்றி முடித்ததும், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று அவருடைய பேச்சுக்குத் துணையாக ஒரு பாடல் பாடுவது மரபு. அந்தப் பாட்டு இல்லாமல் உரை முழுமை பெறாது. துமஹாயின் பேஸ் வாசிப்பு அதிலிருந்து வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. 'இரத்தம்' என்ற பேச்சை மறுத்துவிட்டு அதையே வேறு வடிவத்தில் கொண்டுவருவதாகிவிடும். ஆனால், துணை நிற்பதைத் தாழ்வாகக் கருதாத அந்த மரபை அறிந்தவர்கள், ஒரு பேஸ் கலைஞர் யாருக்குத் துணை நின்றார் என்பதை வைத்தே அவருடைய வாழ்க்கையை அளப்பார்கள். அந்த அளவையே நானும் ஏற்கிறேன்.

பாஸ்டியன் பாயின்ட் நிலத்தை ஙாட்டி ஃபாட்டுவா மக்களிடம் திருப்பித் தர 1988இல் அரசு ஒப்புக்கொண்டது. துமஹாய் 1995 டிசம்பரில், 46 வயதில் காலமானார்.

கேட்க விரும்புகிறவர்கள் 'ஃபியூச்சுரமா'வில் தொடங்கி, 'ஷிப்ஸ் இன் த நைட்' வழியாக 'சென்சிடிவ் டு எ ஸ்மைல்' வரை வரலாம். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பேஸின் கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய முழுவதுமாகக் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். முதல் முறை நெல்சனின் கிட்டார் உங்களை இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். துமஹாய்க்கென்று இரண்டாம் முறை கேளுங்கள்.